ரிசர்ச் எத்திக்ஸ் வகுப்பால் யாருக்குப் பயன்? பீடி சுற்றும் வீட்டுத் திண்ணையிலிருந்து சில குறிப்புகள்

ஜூலை 4. ஒரு வாசகரின் கேள்வி

பாளையங்கோட்டையில் பி.எச்டி. முதல் வருடம் படிக்கிறேன். கோர்ஸ்வொர்க்கில் ரிசர்ச் எத்திக்ஸ் என்று ஒரு பேப்பர். ஒரு வாரத்தில் நடத்தி முடித்து, பரீட்சையும் வைத்துவிட்டார்கள். காப்பி எத்தனை சதவீதம் வரை இருக்கலாம் என்பதைத் தவிர ஒன்றும் மனதில் நிற்கவில்லை. என் தலைப்பு சமூகவியல். நான் யாருக்கும் ஊசி போடப் போவதில்லை, மருந்து கொடுக்கப் போவதில்லை, கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வரப் போகிறேன், அவ்வளவுதான். எனக்கு எதற்கு இந்த வகுப்பு?

ஜூலை 4, இரவு

தம்பி, நானும் இந்தப் பேப்பரை நடத்துகிறவள்தான். வகுப்பு வீணாகப் போனது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வகுப்பே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) இந்தப் பேப்பரை 2019 டிசம்பரில் கட்டாயமாக்கியது. 2 கிரெடிட், 30 மணி நேரம், ஆறு அலகு. தத்துவமும் அறமும் 3 மணி நேரம். ஆய்வு நடத்தை 5. அப்புறம் வெளியீட்டு நெறி, ஓப்பன் ஆக்சஸ், வெளியீட்டு முறைகேடு. கடைசி அலகில் இம்பாக்ட் ஃபேக்டர், எச்-இண்டெக்ஸ் என்று ஜர்னலுக்கும் ஆய்வாளருக்கும் மதிப்பெண் போடும் வகையறாவுக்கு 7 மணி நேரம். எல்லாவற்றிலும் அதிகம் அதற்குத்தான். ஆறு அலகின் தலைப்புகளையும் படித்துப் பாருங்கள். நாம் யார் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து கேள்வி கேட்கிறோமோ, அந்த ஆளுக்கென்று ஓர் அலகு கிடையாது. உங்கள் மனதில் ஒன்றும் நிற்காததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

"கேள்விதானே கேட்கப் போகிறேன்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அதைப் பற்றி எழுத வேண்டும். இன்றைக்கு முடியாது.

ஜூலை 5

திருத்தம். வெளியீட்டு நெறிக்கும் அதே 7 மணி நேரம்தான். கடைசி அலகுக்குத்தான் அதிகம் என்று எழுதியது தவறு.

ஜூலை 9

சரி, என் கதை.

2009இல் எம்.ஃபில். செய்தேன். பீடி சுற்றும் பெண்களின் கூலி, உடம்பு, கடன் பற்றிய ஆய்வு. ஊர் பெயர் சொல்லவில்லை; முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று அந்தப் பக்கத்தில் எந்த ஊரை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். 120 பெண்கள் சாம்பிள். ஒப்புதல் படிவம் வேண்டும் என்று கைடு சொன்னார். இணையத்தில் ஓர் ஆங்கிலப் படிவத்தை எடுத்து நானே தமிழாக்கினேன். "தன்னார்வப் பங்கேற்பாளர்", "இரகசியத்தன்மை பேணப்படும்", "எந்நிலையிலும் விலகிக்கொள்ளும் உரிமை" என்று இரண்டு பக்கம். அன்று அதைப் பெருமையாக நினைத்தேன்.

என் ஆச்சியும் பீடி சுற்றியவள்தான். அதனால் திண்ணையில் உட்காரவும் பேச்சுக் கொடுக்கவும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மடியில் சொளவு (முறம்), சொளவில் வெட்டிய இலை, ஒரு பக்கம் புகையிலைத் தூள். பேசும்போது கை நிற்காது. நிற்கவும் கூடாது, அன்றைய கணக்கு குறைந்துவிடும். படிவத்தை நீட்டினால் மட்டும் கை நிற்கும். சேலையில் தூளைத் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்குவார்கள். "எங்கன போடணும்?" இது ஒன்றுதான் கேள்வி. படித்துப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். சிலர், "லோனுக்கா?" என்றார்கள். "இல்லக்கா, படிப்புக்கு" என்பேன். "சரி, எதுக்கோ" என்று போட்டுவிடுவார்கள். ஓர் ஆச்சி சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "வீட்டுக்குன்னாவ, போட்டேன். பி.எஃப்.புக்குன்னாவ, போட்டேன். கண்ணாடி தருவம்னாவ, அதுக்கும் போட்டேன். நீ நம்ம பிள்ளயா இருக்க, ஒனக்குப் போடாமலா?" திண்ணை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன்.

120 கையெழுத்தும் வாங்கியாயிற்று. அதில் எத்தனை ஒப்புதல்?

அந்த 120 பேரில் ஓர் அக்கா. அவள் நிறையப் பேசினாள். ஏஜென்டுகள் பீடி இலையை எடை குறைத்துப் போடுகிறார்கள், குறைந்த இலைக்கும் முழு எண்ணிக்கை கேட்கிறார்கள், நல்ல பீடியையும் கழித்துவிட்டு அதையும் அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள் என்று கணக்கோடு சொன்னாள். என் ஆய்வில் ஆகச் சிறந்த பகுதி அது. பெயரை மாற்றித்தான் எழுதினேன். ஆனால் இப்படி எழுதினேன்: "கணவரை இழந்தவர், மூன்று பெண் குழந்தைகள், தெருவின் கடைசி வீடு." ஆய்வு முடிந்ததும் தமிழில் எட்டுப் பக்கச் சுருக்கம் ஒன்று போட்டு அந்த ஊரிலேயே கொடுத்தேன். யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களிடமே அது போய்ச் சேர வேண்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தேன். இலை போடும் ஏஜென்டு கைக்கும் அது போனது. அந்த ஊரில் அத்தனை தெருவிலும் மூன்று பெண் பிள்ளைகளோடு கடைசி வீட்டில் இருப்பது யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

நான்கு வாரம் அவளுக்கு இலை போடவில்லை. பிறகொரு நாள் நான் போனபோது, அவள் ஒன்றும் சொல்லாமல் பீடிக் கணக்குப் பாஸ்புக்கை எடுத்துக் காட்டினாள். வாரத்துக்கு ஒரு வரியாக எழுதிக்கொண்டு வந்தது, நடுவில் நான்கு வரி வெள்ளையாகக் கிடந்தது. "நீ நல்லதுக்குத்தான செஞ்ச, போ" என்றாள். கடுங்காப்பி போட்டுத் தந்தாள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

ஊசி போடவில்லை, மருந்து கொடுக்கவில்லை. கேள்விதான் கேட்டேன், தம்பி.

ஜூலை 10

ஒருவர் கேட்டிருக்கிறார், பெயரை மாற்றிய பிறகும் இது ஆய்வாளர் பிழையா என்று. ஆமாம், என் பிழைதான். நம் ஊர்களில் ஆளை அடையாளம் காட்டப் பெயர் தேவையே இல்லை. "குளத்தங்கரை டெய்லர் மருமகள்" என்றால் போதும். வயது, பிள்ளைகள், வீடு இருக்கும் இடம் என மூன்று தகவல் சேர்ந்தால் ஆள் கிடைத்துவிடும். கிடைக்காது என்று நினைப்பது வெளியூர்க்காரர் மட்டும்தான். எழுதிய பக்கத்தை அந்த ஊர்க்காரர் ஒருவர் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும். நான் அந்தப் பக்கத்து ஆள்தான், ஆனாலும் தீசிஸ் எழுதும்போது வெளியூர்க்காரியாக மாறியிருந்தேன்.

ஜூலை 14

வகுப்பில் டஸ்கீகி கதையை ஒரு மதிப்பெண் கேள்வியாக நடத்துகிறார்கள். 1932 முதல் 1972 வரை, அமெரிக்காவின் அலபாமாவில், 600 கறுப்பின ஆண்களை வைத்து அரசு நடத்திய மருத்துவ ஆய்வு அது. 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது, 201 பேருக்கு இல்லை. "கெட்ட ரத்தம்" என்று சொல்லியே வைத்திருந்தார்கள். 1940களின் கடைசியில் பெனிசிலின் நல்ல மருந்து என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அந்த விவகாரம் வெளியே வந்ததால்தான் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறி சொல்லும் பெல்மாண்ட் அறிக்கை 1979இல் வந்தது. பிள்ளைகள் ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறார்கள். "அது அமெரிக்கா" என்று அதோடு மறந்தும் விடுகிறார்கள்.

அதனால் நான் கம்மத்திலிருந்து தொடங்குகிறேன். 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆய்வுத் திட்டமாகப் போட்டார்கள். பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். நாடாளுமன்றக் குழு 2013இல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: ஆந்திராவில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். அந்தத் தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. அதே தடுப்பூசியை இன்று என் உறவுக்காரப் பிள்ளைகளுக்கும் போடச் சொல்கிறேன். பிள்ளைக்காக யார் "சரி" சொன்னார்கள் என்பதுதான் இங்கே கேள்வி.

இதைச் சொல்லிவிட்டு வகுப்பில் கேட்பேன்: "பள்ளிக்கூடத்தில் சர்வே எடுக்கப் போகிறவர்கள் கை தூக்குங்கள். அனுமதி யாரிடம் வாங்கினீர்கள்?" எல்லோரும் சொல்வது, "ஹெச்.எம். கிட்ட மேடம்", அதாவது தலைமையாசிரியரிடம். அப்புறம் வகுப்பே கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அது தவிர 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் வாய்மொழியாகச் சம்மதம், 12க்கு மேல் எழுத்தில். பிள்ளை மாட்டேன் என்று சொன்னால் அதற்கும் மதிப்பு உண்டு. ஹெச்.எம். கையெழுத்து பள்ளி கேட்டைத் திறக்கும். பிள்ளையின் வாயைத் திறக்கும் உரிமை அதில் இல்லை.

ஜூலை 23

இன்று கொக்கிரகுளம் பக்கம் பஸ் மெதுவாகத்தான் போனது. தாமிரபரணி ஆற்றில் மலர் தூவ வருகிறவர்கள் கூட்டம், போலீஸ். 1999இல் இதே நாள், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக வந்தவர்களில் 17 பேர், போலீஸ் தடியடிக்குத் தப்பி ஓடியபோது, இந்த ஆற்றில் செத்தார்கள். கைக்குழந்தையும் அதில் உண்டு.

அன்று ஆற்றில் இறங்கிப் பிழைத்த ஒருவரை எனக்குத் தெரியும். வருடா வருடம் ஜூலை பிறந்தால் அவர் வீட்டுக்கு ஆள் வரும். பத்திரிகைக்காரர்கள், மாணவர்கள், சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் ஸ்காலர்கள். நானும் ஒரு வருடம் இரண்டு மாணவர்களை அனுப்பினேன். பிறகு அவரை டவுனில் பார்த்தபோது கோபமே இல்லாமல் சொன்னார்: "நீங்க கேட்டுட்டுப் போயிருதிய. அன்னைக்கு ராத்திரி நாந்தான முழிச்சிக் கெடக்கணும்."

அதற்குப் பிறகு நான் யாரையும் அனுப்பவில்லை. ஏற்கெனவே அவர் சொன்னதெல்லாம் அச்சில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, அப்புறமும் கேட்க ஏதாவது மிச்சம் இருந்தால் போகலாம். முக்கால்வாசிப் பேருக்கு மிச்சம் இருப்பதில்லை.

ஜூலை 24

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் அந்த நாளைப் பற்றி யாருமே ஆராயக் கூடாதா?" என்று கோபமாக ஒரு பதில். நியாயமான கோபம். ஆராய வேண்டும். பேச விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்க ஆள் இல்லையே என்று ஏங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த நாளில் போவது, எதை முதலில் கேட்பது, அழுதால் நோட்டை மூடி வைப்பதா, மறுநாள் ஒரு போன் போட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதா, இதெல்லாம் பயிற்சியில் வர வேண்டும் என்கிறேன். "யாரையும் அனுப்பவில்லை" என்று நான் எடுத்த முடிவிலும் ஒரு தவறு இருந்தது. அவரையே கேட்டிருக்கலாம். நானாக முடிவெடுத்தேன்.

ஆகஸ்ட் 2

தாவரவியல் ஸ்காலர் ஒருவர் எழுதியிருந்தார், காரையார் பக்கம் காணிக்காரர்களிடம் (மலையில் வாழும் பழங்குடிகள்) மூலிகைத் தகவல் சேகரிக்கப் போகிறாராம், வனத்துறை அனுமதி கைக்கு வந்துவிட்டதாம்.

வனத்துறை அனுமதி காட்டுக்குள் போவதற்கு. காணிகளின் அறிவுக்குள் போவதற்கு அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆரோக்கியப் பச்சை என்ற செடியின் கதையை அவசியம் படியுங்கள். 1987இல் அகத்தியமலையில் கேரளப் பக்கம் ஏறிய விஞ்ஞானிகளுக்கு மூச்சு முட்டுகிறது, வழிகாட்ட வந்த காணிகள் ஒரு சின்னப் பழத்தைத் தின்றுகொண்டு சோர்வே இல்லாமல் நடக்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் செடியை அறிந்து, அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. 1995இல் மருந்துக் கம்பெனி ஒன்றுக்கு உரிமம் கொடுத்தபோது 10 லட்சம் ரூபாயும் 2 சதவீத ராயல்டியும் பேசினார்கள். அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. பணத்தை வாங்க 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவு செய்தார்கள். பயன் பகிர்வுக்கு உலகம் முழுக்கக் காட்டும் உதாரணம் இது. நம் நாட்டில் பல்லுயிர்ச் சட்டம் வந்ததே 2002இல்தான்.

நானும் நல்ல உதாரணம் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். பாபநாசம் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மேடம், அதே மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற காணிக்கு?" அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளா இருக்கிறது. மலைக்குள் எல்லைக் கோடு போட்டது காணி இல்லையே. அறிவு ஒரு ஆளுடையதா, குடியுடையதா, யார் "சரி" சொன்னால் எல்லோரும் சொன்னதாகும்? எனக்கு அன்று பதில் தெரியவில்லை. அந்த மாணவியின் கேள்வியையே இப்போது பாடமாக வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11

முதல் குறிப்பில் காப்பி சதவீத விஷயத்தைத் தள்ளிவிட்ட மாதிரி எழுதிவிட்டேன். அதை மாற்றிக்கொள்கிறேன்.

காப்பி பற்றிய யு.ஜி.சி.யின் 2018 விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஒரு வருடம் தர முடியாது. அதற்கு மேலே போனால் பதிவே ரத்து. நம் ஸ்காலர்கள் இதை ரேஷன் அளவு மாதிரி பார்க்கிறார்கள், பத்து வரை நமக்கு உரியது என்று. வார்த்தையை மாற்றிப் போட்டுச் சதவீதத்தைக் குறைக்கக் கடைகளில் காசு வாங்குகிறார்கள். தமிழ் ஆய்வேடுகளில் இன்னொன்று: பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்ததை மென்பொருள் தமிழாகவே படிக்காது. திரையில் அழகான தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துக் குப்பை. ஒப்புமை பூஜ்யம் என்று வரும். பக்கத்தில் பழைய ஆய்வேட்டை விரித்து வைத்து, வரிக்கு வரி அதே என்று நானே ஒருமுறை கையால் காட்ட வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரியது, போகாத ஊரைப் போனதாக எழுதுவது. ஒரு மாணவன் 50 படிவம் கொண்டு வந்தான், பீடித் தொழிலாளர் சர்வே. கையெழுத்து வேறு வேறாக இருந்தது, பேனா நிறம்கூட மாறியிருந்தது, பார்த்துப் பார்த்துச் செய்திருந்தான். புரட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பீடி வீட்டிலிருந்து வரும் தாளின் மடிப்பில் தூள் இருக்கும், ஓரத்தில் பழுப்பாக விரல் பட்டிருக்கும், பையைத் திறந்தாலே வாடை அடிக்கும். அவன் கொண்டுவந்தது துவைத்து மடித்த சட்டை மாதிரி இருந்தது. கேட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அழுதான். பஸ்ஸுக்குக் காசில்லை, சொல்ல வெட்கம். இரண்டு வாரம் சேர்ந்தே போனோம்.

அவனைத் தண்டித்திருக்க வேண்டும் என்று சிலர் எழுதுவார்கள். பட்டம் வாங்கியபின் இதைச் செய்திருந்தால் நானே புகார் கொடுத்திருப்பேன். அவன் பயிற்சியில் இருந்தான். பயிற்சிக் காலம் இருப்பதே அதற்காகத்தான்.

ஆகஸ்ட் 12

போலி ஜர்னல் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 2018 மே மாதம் யு.ஜி.சி. தான் ஏற்றுக்கொண்ட ஜர்னல்களின் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களை எடுத்தது. பிறகு வந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியோடு முடிந்தது. தீசிஸ் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதியிலேயே எடுத்துவிட்டார்கள். உங்கள் பல்கலைக்கழகம் இன்னும் கேட்கிறதா என்று விசாரித்துக்கொண்டு பிறகு காசு கட்டுங்கள். காசு கட்டி ஒரே வாரத்தில் அச்சாகிறது என்றால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 20

"குறை சொல்கிறீர்கள், நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்?" என்று முதல் கேள்வி கேட்ட தம்பியே கேட்டிருக்கிறார்.

இரண்டு வேலை கொடுக்கிறேன். முதலாவது, கேள்வித்தாளைத் தயாரித்தவரே வகுப்பு முன்னால் நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் அவருடைய கேள்விகளையே அவரிடம் கேட்பார்கள். வீட்டு வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, அப்பா குடிப்பாரா. பதில் சொல்ல மாட்டேன் என்று எழுந்து போகலாம். இதுவரை மூன்றில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். மறுநாள் பாதிக் கேள்வியை அவர்களே அடித்துவிட்டு வந்தார்கள்.

இரண்டாவது, ஒப்புதல் படிவத்தை வீட்டில் அம்மாவுக்கோ ஆச்சிக்கோ சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். எந்த இடத்தில் குறுக்கே கேட்கிறார்களோ அந்த வரியில் கோடு. எங்கேயும் குறுக்கே கேட்கவில்லை என்றால் அவர்கள் காதில் வாங்கவே இல்லை என்று அர்த்தம், திரும்ப வாசிக்க வேண்டும். மேலப்பாளையத்து மாணவி ஒருத்தியின் உம்மா கேட்டாராம்: "இதுல கையெழுத்துப் போடலன்னா என்ன செய்வாவ?" என்னுடைய 2009 படிவத்தில் இரண்டு பக்கத்திலும் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. உரிமை என்று இருந்தது. ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று இல்லை.

இப்போது எங்கள் படிவம் இப்படித் தொடங்குகிறது: "இது அரசாங்கத் திட்டம் இல்லை. லோன், வீடு, பி.எஃப். எதுவும் இதனால் வராது. இஷ்டம் இருந்தால் பேசலாம். நடுவில் எழுந்து போகலாம். பேசாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்." இதைப் படித்துக் காட்டினால் பத்துக்கு மூன்று பேர் "அப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். சாம்பிள் குறைகிறதே என்று மாணவர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த மூன்று பேரைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கிறது. மீதி ஏழு பேர் நிஜமாகவே சரி என்றிருக்கிறார்கள்.

படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கைநாட்டு. இதுவும் ஐ.சி.எம்.ஆர். சொன்னதுதான். ஏஜென்டு வீட்டு ஆளைச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள், அதை எந்த வழிகாட்டுதலிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 7

நீண்ட நாள் தள்ளிப்போட்ட வேலையை நேற்றுச் செய்தேன். என் எம்.ஃபில். ஆய்வேட்டின் என் பிரதியை எடுத்துக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்று பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. கண் சரியில்லை, பீடியை விட்டு ஆறேழு வருடமாம். அவளைப் பற்றி எழுதிய நான்கு பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். பதினாறு வருடம் கழித்து, முதல் தடவையாக. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். ஓர் இடத்தில் நான் எழுதிய எடைக் கணக்கு தப்பு, அவள் சொன்னது வேறு. இன்னோர் இடத்தில் அவள் புருஷனைப் பற்றி ஒரு வரி. "அது வேண்டாம்" என்றாள்.

"கடைசி வீடு" வந்ததும் நானே நிறுத்திவிட்டேன். அவள் வாசலைக் கை காட்டினாள். "இப்ப எங்க வீடு கடைசி இல்லல்லா. அங்கிட்டுப் பதினஞ்சு வீடு வந்துட்டு. அது கெடந்துட்டுப் போட்டும். அவரு வரிய மட்டும் எடுத்துரு."

நூலகத்தில் இருக்கும் பிரதியில் ஒரு பக்கத்தை மாற்றித் தர அனுமதி கேட்டு நாளைக்கு மனு கொடுக்கிறேன். எடைக் கணக்கையும் சேர்த்துத் திருத்துவேன்.